தேர்வு, பிறப்பு, நிலவரி: தெற்குத் திருவிதாங்கூரில் பதவியின் வாசல்கள்

1

அரசுப் பதவிக்கு யார் வரலாம் என்ற கேள்விக்கு நவீன அரசு இரண்டு பதில்களைத் தயாராக வைத்திருக்கிறது. ஒன்று, தேர்வில் தேறியவர் வரலாம். மற்றொன்று, இந்த நாட்டின் குடிமகன் வரலாம். முதலாவது தகுதி பற்றியது, இரண்டாவது உரிமை பற்றியது. இரண்டும் சாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை, ஆகவே நடுநிலையானவை என்று பாடநூல்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கின்றன. இனயம் கடற்கரையில் யாரிடம் கேட்டாலும், "பரீட்சை பாஸானவனுக்கு வேலை, நாட்டுக்காரனுக்கு ஓட்டு, இதுல என்ன தப்பு?" என்றுதான் சொல்வார்கள். தப்பில்லைதான். ஆனால் இந்த இரண்டு வாசல்களும் நம் மண்ணில் எப்படித் திறந்தன, எப்போது மூடின, யாருக்காக என்று பார்த்தால் 'நடுநிலை' என்ற சொல்லைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அதாவது பழைய தெற்குத் திருவிதாங்கூர், இதை ஆராய்வதற்கு ஏற்ற இடம். மன்னராட்சி, ஆங்கிலேய மேலாதிக்கம், சாதி அதிகாரம், மொழிப் பிரச்சினை ஆகிய நான்கும் இந்தச் சிறிய நிலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: தேர்வில் தேறியவனிடம் பிறப்பைக் கேட்டார்கள். இங்கேயே பிறந்தவனிடம் படிப்பைக் கேட்டார்கள். இரண்டையும் கொண்டுவந்தவனிடம் நிலம் எங்கே என்று கேட்டார்கள். வாசல்கள் மாறிக்கொண்டே இருந்தன. வெளியே நின்றவர்கள் மட்டும் மாறவில்லை.

2

'அந்நியர்' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். வேலுத்தம்பி தளவாயின் கலகம் 1809இல் ஒடுக்கப்பட்ட பிறகு, 1811இல் திருவிதாங்கூரின் திவானாக அமர்ந்தவர் கர்னல் ஜான் மன்றோ. ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனியின் ரெசிடெண்ட். 1814 வரை ரெசிடெண்ட் பதவியையும் திவான் பதவியையும் ஒருவரே வகித்தார். மன்றோ திவான் வேலைக்கு எந்தத் தேர்வும் எழுதவில்லை. இந்த நாட்டுப் பிரஜையும் அல்ல. அடுத்து 1818இல் நாகர்கோவில் ஜில்லா நீதிமன்றத்தில் நீதிபதியாக நியமிக்கப்பட்டவர் சார்லஸ் மீட். லண்டன் மிஷன் சங்கத்தின் பாதிரியார். சட்டம் படித்தவரல்ல. ஏறத்தாழ ஓராண்டு அந்த நாற்காலியில் இருந்தார்.

மன்றோ நல்லவரா கெட்டவரா, மீட் ஏழைகளுக்கு நியாயம் செய்தாரா இல்லையா என்பது வேறு விவாதம். தாழ்த்தப்பட்டோருக்கு அவர்களால் சில நன்மைகள் கிடைத்ததை மறுக்க வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது, அதிகாரம் தேவைப்படும் இடத்தில் 'தகுதி', 'பிறப்பு' ஆகிய இரண்டு நிபந்தனைகளும் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டன என்பதைத்தான். நிபந்தனைகள் கீழே இருப்பவர்களுக்குத்தான். மேலே இருப்பவர்களுக்கு நியமன உத்தரவு போதும்.

3

ஆங்கிலக் கல்வி பரவி, பட்டம் பெற்றவர்களின் ஒரு தலைமுறை உருவானபோது இந்தக் கேள்வி வெளிப்படையாக வெடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் திருவிதாங்கூரின் உயர் பதவிகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த பிராமணர்களின் கையில் இருந்தது. திவான்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தார்கள். 1858 முதல் 1872 வரை திவானாக இருந்த டி. மாதவராவ் கும்பகோணத்தில் பிறந்த மராத்தியப் பிராமணர். இதற்கு எதிராக 1891 ஜனவரியில் மன்னர் ஸ்ரீமூலம் திருநாளிடம் 'மலையாளி மெமோரியல்' என்ற மனு கொடுக்கப்பட்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். இந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை. 'திருவிதாங்கூர் திருவிதாங்கூர்க்காரருக்கே' என்பது கோஷம்.

மனுவின் வாதம் நவீனமானது. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுக்கு வரி கட்டுகிறவர்களுக்கே இந்த நாட்டின் பதவிகளில் முதல் உரிமை என்றது. குடியுரிமை என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே குடியுரிமைக்கான கோரிக்கை அது. ஈழவர்களில் ஒருவர்கூட மாதம் ஐந்து ரூபாயோ அதற்கு மேலோ சம்பளம் பெறும் அரசுப் பணியில் இல்லை என்பதையும் மனு சுட்டிக்காட்டியது. தமிழ்ப் பிராமணர்கள் சார்பில் எதிர்மனுவும் போடப்பட்டது. டி. ராமராவ் திவானாக இருந்த அரசு சொன்ன பதிலில் ஒரு பகுதி மிக முக்கியமானது. ஈழவர்கள் கல்வியில் பின்தங்கியவர்கள், விவசாயம், கயிறு திரித்தல், கள்ளிறக்குதல் போன்ற தங்கள் தொழில்களிலேயே நிறைவோடு இருப்பவர்கள் என்ற கருத்து அதில் சொல்லப்பட்டது. அதாவது பிறப்பு சரிதான், தகுதி இல்லையே என்பது பதில்.

சரி, தகுதியோடு வந்தவனுக்கு என்ன ஆயிற்று? டாக்டர் பல்பு, ஈழவர், திருவனந்தபுரத்துக்காரர். திருவிதாங்கூரில் மருத்துவ வகுப்புக்கான தேர்வில் தேறியும் இடம் மறுக்கப்பட்டது. சென்னைக்குப் போய் மருத்துவம் படித்து எல்.எம்.எஸ். பட்டத்தோடு திரும்பினார். அரசு வேலை கேட்டார். கிடைக்கவில்லை. கடைசியில் மைசூர் அரசில்தான் வேலை கிடைத்தது. பெங்களூரில் 1898இல் பிளேக் பரவியபோது அங்கே நோயாளிகளிடையே பணியாற்றினார். சொந்த நாட்டில் சாதியால் தகுதியிழந்தவர், அந்நிய நாட்டில் சான்றிதழால் தகுதி பெற்றார்! அந்த மைசூரிலும் 'மைசூர் மைசூர்க்காரருக்கே' என்ற குரல் எழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1896இல் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு 'ஈழவ மெமோரியல்' மனுவைக் கொடுத்ததில் பல்புவின் பங்கு பெரிது. மலையாளி மெமோரியல் பேசிய 'நாம்' என்பதற்குள் எல்லோரும் அடங்கவில்லை என்பதற்கு இந்த இரண்டாவது மனுவே சாட்சி.

மண்ணின் மைந்தர் என்ற சொல்லாடலின் சிக்கல் இதுதான். அது மேலே இருக்கும் அந்நியரைப் பார்த்துப் பேசும்போது உரிமைக்குரலாக ஒலிக்கிறது. கீழே இருக்கும் சொந்தக்காரர் அதே வாசகத்தை எடுத்துப் பேசும்போது, அது 'வகுப்புவாதம்' ஆகிவிடுகிறது.

4

தெற்குத் திருவிதாங்கூரின் கடற்கரைக் கிராமங்களைப் பொறுத்தவரை, தேர்வும் பிறப்பும் தவிர மூன்றாவது தடை ஒன்று இருந்தது. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மன்றோ காலத்தில் நூற்றுக்கணக்கான கோயில்களின் சொத்தும் நிர்வாகமும் அரசின் வசமாயின. நிலவரித் துறையே தேவஸ்வத்தையும் கவனித்தது. தாசில்தார் என்பவர் வரி வசூலிப்பவர் மட்டுமல்ல, கோயில் காரியங்களையும் பார்க்கிறவர். விளைவு என்ன? கோயிலுக்குள் நுழைய முடியாத எவரும் நிலவரித் துறையில் நுழைய முடியாது. ஈழவர், நாடார், புலையர், பறையர், கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோருக்கும் கதவு சாத்தியாயிற்று. எந்த விதியிலும் 'கிறிஸ்தவன் தாசில்தார் ஆகக் கூடாது' என்று எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. பதவியின் அமைப்பே அந்த வேலையைச் செய்துவிட்டது.

இனயம் போன்ற கத்தோலிக்க முக்குவர் ஊர்களுக்கு இதன் பொருள் எளிமையானது. தலைக்கும் வலைக்கும் வரி வாங்கிய அரசின் வரித்துறையில், அந்த வரியைக் கொடுத்தவனின் பேரனும் உட்கார முடியாது. டி.கே. மாதவன் போன்றவர்கள் முன்னின்ற குடிமைச் சமத்துவ இயக்கம் 1919இல் இதைக் கையிலெடுத்தது. 1922இல்தான் தேவஸ்வம் நிலவரித் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. ஒரு துறையை இரண்டாகப் பிரித்தது சாதாரண நிர்வாகச் செய்தி போலத் தெரியும். திருவிதாங்கூரின் குடியுரிமை வரலாற்றில் அது ஒரு பெரிய உடைப்பு.

இதே காலகட்டத்தில் நாகர்கோவில் நீதிமன்றத்தைப் பார்ப்போம். ஏ. நேசமணி சட்டம் படித்து 1921இல் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டார். பிற்பாடு 'மார்ஷல்' என்று மக்கள் அழைத்த அதே நேசமணி. உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்ததையும், அவர் அந்த முக்காலியை உதைத்துத் தள்ளியதையும், தண்ணீர்ப் பானைகள்கூடத் தனித்தனியாக இருந்ததையும் இந்த மாவட்டத்தில் இன்றும் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சட்டத் தேர்வு எல்லோருக்கும் ஒன்று, சன்னதும் ஒன்று. உட்காரும் பலகை மட்டும் வேறு. தேர்வு ஒருவனை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. அதன் பிறகு 'நீ ஆரு, உனக்க அப்பன் ஆரு?' என்ற பழைய கேள்விதான்.

5

இனி மக்கள் பிரதிநிதித்துவத்துக்கு வருவோம். இந்திய சமஸ்தானங்களில் முதல் சட்டசபை 1888இல் திருவிதாங்கூரில் அமைந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். எட்டுப் பேர் கொண்ட சபை. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜாசபை வந்தது. 1905இல் அதற்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்குக் கொடுக்கப்பட்டது. எந்த மக்களுக்கு? ஆண்டுக்கு ஐம்பது ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி கட்டுகிறவர்கள், அல்லது இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாத நிகர வருமானம் உள்ளவர்கள், அல்லது பட்டம் பெற்றுப் பத்தாண்டுகள் ஆகி அந்தந்த வட்டத்தில் குடியிருப்பவர்கள்.

இந்த ஒரு விதியை ஒரு பிரதியாக வைத்துப் படித்தால் போதும். சொத்து, தேர்வு, வசிப்பிடம் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. நிலமுள்ளவனுக்குப் படிப்பு வேண்டாம். படித்தவனுக்கு நிலம் வேண்டாம், ஆனால் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவன் பிரஜை, ஆனால் பிரஜாசபைக்குரிய பிரஜை அல்ல.

கடற்கரையை இதற்குள் பொருத்திப் பாருங்கள். கடலுக்குப் பட்டா கிடையாது. கட்டுமரத்துக்குத் தண்டப்பேர் கிடையாது. மணலில் நிற்கும் ஓலைக் குடிசைக்கு எத்தனை சக்கரம் வரி வந்துவிடும்? மீனவன் ஆயுள் முழுக்க உழைத்தாலும் அவனுடைய உழைப்பு நிலவரிக் கணக்கில் ஏறாது. அதாவது அவன் குடிமகனாகக் கணக்கிடப்படுவதற்கான அளவுகோலே அந்த ஏட்டில் இல்லை. நிலத்தை அளந்த அரசு, நிலத்தோடு சேர்த்து மனிதனையும் அளந்தது. நீரில் வாழ்ந்தவன் அளவுக்குள் வரவில்லை.

இந்தச் சபைக்குள் 1912இல் ஒருவர் நுழைந்தார். அய்யங்காளி. பள்ளிக்கூடம் போகாதவர். புலையர்களின் பிரதிநிதியாக அரசு அவரை நியமித்தது. வாக்குரிமை விதியின்படி அவரால் வாக்களித்திருக்கவும் முடிந்திருக்காது. ஆனால் அந்தச் சபையில் தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் குடியிருக்க நிலமும் கேட்டவர் அவர். படித்தவர்கள் நிறைந்த சபையில், கல்வி மறுக்கப்பட்டதன் வலியைச் சொல்லும் தகுதி படிப்பு மறுக்கப்பட்டவருக்குத்தான் இருந்தது. இந்த உதாரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி தேவைப்படும்.

6

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் தேர்வே வேண்டாம் என்கிறாயா என்று யாராவது கேட்கலாம். இல்லை. தேர்வைப் பற்றி ஃபூக்கோ சொன்னது நமக்குத் தெரியும்: தேர்வு என்பது கண்காணிப்பும் தரப்படுத்தலும் கைகோக்கும் இடம். சரிதான். ஆனால் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் வைத்துச் சொன்னதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே போட முடியாது. சிபாரிசும் சாதியும் மட்டுமே வேலை வாங்கித் தந்த ஊரில், பேர் தெரியாத ஒருவர் விடைத்தாளைத் திருத்துவது ஒரு விடுதலையாகவும் இருந்திருக்கிறது.

1932இல் கொண்டுவரப்பட்ட சட்டசபைச் சீர்திருத்தமும் சொத்து உள்ளவர்களின் பக்கமே சாய்ந்திருந்தது. கிறிஸ்தவர், ஈழவர், முஸ்லிம் ஆகியோர் சேர்ந்து 'நிவர்த்தனம்', அதாவது விலகி நிற்றல் என்ற போராட்டத்தை நடத்தினார்கள். 1935இல் கோழஞ்சேரியில் பேசிய பேச்சுக்காக சி. கேசவன் சிறை சென்றார். இந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் 1936இல் திருவிதாங்கூரில் பப்ளிக் சர்வீஸ் கமிஷனர் பதவி வந்தது, அரசு வேலைகளில் வகுப்புவாரி ஒதுக்கீடும் வந்தது. முதல் கமிஷனர் யார்? ஜி.டி. நோக்ஸ், ஆங்கிலேயர். 'திருவிதாங்கூர் திருவிதாங்கூர்க்காரருக்கே' என்ற கோஷம் எழுந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, திருவிதாங்கூர்க்காரர்களுக்கு வேலை பங்கிட ஓர் அந்நியரை உட்கார வைத்தார்கள். இதைவிடக் கசப்பான வரலாற்று நகை வேறில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, தேர்வு தனியாக வரவில்லை என்பதுதான். போராட்டத்தின் பின்னால் வந்தது, ஒதுக்கீட்டோடு சேர்ந்து வந்தது. தேர்வை நியாயமாக்கியது தேர்வு அல்ல. அதற்கு வெளியே நடந்த அரசியல்.

7

1948இல் வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது. தெற்குக் கடற்கரையின் மீனவனும் அவன் மனைவியும் முதன்முறையாக, நிலம் கேட்கப்படாமல், பட்டம் கேட்கப்படாமல் ஓட்டுப் போட்டார்கள். அதன் பிறகு மொழிப் பிரச்சினை முன்னுக்கு வந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும், இனயத்திலிருந்து சில மைல்களில் உள்ள புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்தின் அடியிலும் பதவி பற்றிய கேள்வி இருந்தது: நம் மொழி தெரியாத அலுவலகத்தில் நமக்கு என்ன இடம்? 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன.

மறு ஆண்டு, 1957 தேர்தலில் குளச்சல் தொகுதியில் வென்ற லூர்தம்மாள் சைமன், காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சி, மீன்வளத் துறை அமைச்சரானார். மணக்குடியில் பிறந்த மீனவப் பெண். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் நிலவரி ஏட்டில் இல்லாதிருந்த சமூகம், ஓட்டுச் சீட்டு வந்த ஒன்பதாவது ஆண்டில் ஓர் அமைச்சரைத் தந்தது. இடையில் அந்தச் சமூகம் பெரிய தேர்வு எதிலும் தேறிவிடவில்லை. நிபந்தனை நீங்கியது, அவ்வளவுதான்.

இதே 1956இல் கடலுக்கு அந்தப் பக்கம் நேர் எதிரானது நடந்தது. இலங்கையில் 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றிருந்தது. நம் பக்கத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இன்னும் பல தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போய்த் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் போட்ட ஓட்டு அது. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. அங்கே பிறப்பு என்ற வாசல் மூடப்பட்டது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது, குடியுரிமை உள்ள தமிழ் அரசு ஊழியர்களுக்குத் தேர்வு என்ற வாசல் மூடப்பட்டது. கோடீஸ்வரன் என்ற எழுத்தருக்குச் சிங்களத் தேர்ச்சி இல்லை என்று 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்டு, அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. திருவிதாங்கூரில் நாம் பார்த்த அதே இரட்டை வாசல்தான். அங்கே அது ஒரு தேசத்தின் அளவுக்குப் பெரிதாக்கப்பட்டது.

8

இந்திய அரசியல் சட்டம் இந்தக் கேள்வியைத் தெளிவாகப் பிரித்துக் கையாண்டது. அரசுப் பணிக்குத் தேர்வு உண்டு, தேர்வாணையம் உண்டு. பிறந்த இடத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ போட்டியிடக் குடியுரிமையும் வயதும் வேண்டும், படிப்பு வேண்டியதில்லை. 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையில் ராஜேந்திர பிரசாத் இதைக் குறித்து வருத்தப்பட்டார். சட்டத்தை நடத்துகிறவனுக்குத் தகுதி கேட்கிறோம், சட்டத்தை இயற்றுகிறவனுக்குக் கேட்கவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். இதற்கான மறுமொழியை அம்பேத்கர் இருபதாண்டுகளுக்கு முன்பே, சைமன் குழு வந்த காலத்திலேயே சொல்லிவிட்டிருந்தார். கல்வியை மறுத்தது நீங்கள். கல்லாமையைக் காட்டி வாக்கையும் மறுப்பது இரண்டாவது அநீதி. அவர் வாதத்தின் சாரம் இது.

ஆனால் அந்த வருத்தம் மறுபடி சட்டமாக வந்தது. 2015இல் ஹரியானா பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டியிடக் குறைந்தபட்சக் கல்வித் தகுதியை விதித்தது. பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, தலித் ஆண்களுக்கு எட்டாம் வகுப்பு என்றது. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. ராஜஸ்தான் இதே போன்ற விதியைக் கொண்டுவந்து 2019இல் கைவிட்டது. இப்போது அய்யங்காளியை நினைத்துக்கொள்ளுங்கள். 1912இல் மன்னராட்சியின் சபைக்குள் நுழைய முடிந்த அவர், இந்த விதியின்படி 2015இல் ஒரு கிராம வார்டுக்குக்கூட வேட்புமனு போட முடியாது. இதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

மருத்துவருக்குத் தேர்வு வேண்டும். நோயாளிக்கு அவர் அறிவைச் சோதிக்க வழியில்லை என்பதால், அரசு அவனுக்காகச் சோதிக்கிறது. வக்கீலுக்கும் கப்பல் செலுத்துகிறவனுக்கும் அப்படியே. பிரதிநிதி விஷயத்தில் சோதிக்கிறவன் வாக்காளனேதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவன் வைக்கும் பரீட்சைக்கு முன்னால் இன்னொரு பரீட்சையை வைப்பது, வேட்பாளனை மட்டுமல்ல, வாக்காளனையும் தகுதியற்றவன் என்று சொல்வது.

எந்த அறிவுக்குச் சான்றிதழ் உண்டு, எதற்கு இல்லை என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. 2016இல் இனயத்தில் பெரிய துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் கொடுத்தது. நிபுணர்களின் அறிக்கைகள் இருந்தன. கடல் அரிப்பைப் பற்றி எந்த அறிக்கையும் படிக்காத கடற்கரை மக்கள் எதிர்த்துப் போராடினார்கள், இடம் மாற்றப்பட்டது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்து மீனவர்கள் நடுக்கடலில் காணாமல் போனபோது, தேடும் கப்பல்களில் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று இந்தக் கரையின் மீனவர்கள் கேட்டார்கள். எந்தப் பார் எங்கே இருக்கிறது, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும், கவிழ்ந்த வள்ளம் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை எந்த ஆணையமும் தேர்வு வைத்துச் சோதித்ததில்லை, ஆகவே அது அறிவாகக் கணக்கில் வரவில்லை. 1905இல் அவர்கள் உழைப்பு நிலவரி ஏட்டில் ஏறாமல் போனதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

நம் பிள்ளைகள் தேர்வு எழுதட்டும், ஆட்சியராகட்டும், நீதிபதியாகட்டும். அதற்காக இராப்பகலாகப் படிக்கும் கடற்கரைப் பிள்ளைகளைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் 'படிக்காதவன் எப்படி நாட்டை ஆள்வான்' என்று நம்முடைய பிள்ளையே ஒரு நாள் கேட்கும்போது, அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதை அவனுக்குச் சொல்லித் தர வேண்டும். 1891இல் அரசு ஈழவர்களுக்குச் சொன்ன பதிலிலிருந்துதான் அது வருகிறது.